பெரியாறுக்கு 94, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் 'கவலை': காப்பகங்களின் மேலாண்மையை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் 94 சதவீதத்துக்கு மேல் வாங்கி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அதே பெரியாறு உட்பட 39 காட்டுப் பகுதிகளைச் சேர்த்து 2012ல் யுனெஸ்கோ அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுத் தலத்தை, 2020ல் ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) 'கணிசமான கவலைக்குரியது' என்ற பிரிவில் வைத்தது. இந்த இரண்டில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

பெரியாறுக்குக் கிடைத்தது இந்தியாவின் மேலாண்மைத் திறன் மதிப்பீட்டு மதிப்பெண். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனமும் சேர்ந்து, ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை இதை நடத்துகின்றன. 2022ல் நடந்தது ஐந்தாம் சுற்று. காப்பகத்தின் கள இயக்குநரிடமும் அவருடைய ஆட்களிடமும் இது கேட்பது: உங்கள் கைக்கு எட்டிய வேலையை ஒழுங்காகச் செய்கிறீர்களா? ஐயூசிஎன் கணிப்போ, ஓர் இடம் எந்தச் சிறப்புக்காக உலக மரபுப் பட்டியலில் ஏறியதோ அந்தச் சிறப்பு நிலைக்குமா என்று பார்க்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் 39 துண்டுகள். நடுவே தேயிலை, காபித் தோட்டங்கள், அணைகள், நெடுஞ்சாலைகள், மின்கம்பிகள். பெரியாற்றின் இயக்குநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் அவருக்கு அதிகாரம் கிடையாது. (ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: பலர் நினைப்பதுபோல் முதுமலை அந்த 39ல் இல்லை. முக்கூர்த்தி, களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்றவை உண்டு.)

ஒரு மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் எடுத்தால், யாரிடம் எதைக் கேட்டு வந்த எண் இது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அளக்கும் முறை தெரிய வேண்டும்.

உலகெங்கும் புழங்கும் முறைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். ஐயூசிஎன்னின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான ஆணையம் 2000ல் வெளியிட்டு 2006ல் திருத்திய சட்டகம் அது. மேலாண்மையை ஆறு கட்டமாகப் பிரிக்கிறது: சூழல், திட்டமிடல், உள்ளீடு, செயல்முறை, வெளியீடு, விளைவு. எளிய தமிழில், இப்போது எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும், அதற்கு என்ன தேவை, எப்படிச் செய்கிறோம், என்ன செய்து முடித்தோம், கடைசியில் என்ன ஆயிற்று. இந்திய மதிப்பீட்டின் குறியீடுகள், அதாவது மதிப்பெண் போடப்படும் கேள்விகள், இந்த ஆறின் கீழ்தான் அடுக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோவின் உலக மரபுத் தலங்களுக்கென்று 2001 முதல் ஒன்பது இடங்களில் சோதித்து 2008ல் வெளியிட்ட கருவித்தொகுப்பும் இதே அடித்தளத்தில் எழுந்ததே. அந்த ஒன்பதில் இந்தியாவின் காசிரங்காவும் கேவலாதேவும் இருந்தன.

ஆறில் முதல் நான்கை எல்லோரும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாறுவது கடைசி இரண்டில். செய்து முடித்த வேலையை விளைவாகக் கணக்குக் காட்டுவது இந்தத் துறையின் தீராத நோய். இதைப் புரிந்துகொள்ள ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை என்பேன்.

கேவலாதேவ் மிகச் சிறிய இடம், சுமார் 29 சதுர கி.மீ. இயற்கையான சதுப்புநிலமும் அல்ல. கரை கட்டி, மதகு வைத்து, அஜான் அணையிலிருந்து தண்ணீர் விட்டு உருவாக்கியது. 1981ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் 1985ல் உலக மரபுப் பட்டியலிலும் ஏறியது. பறவைகளுக்கு மாடும் எருமையும் இடையூறு என்று கருதி 1982 நவம்பரில் மேய்ச்சலை முற்றிலும் தடை செய்தார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. தடை மட்டும் நின்றது. அன்றைய தேதியில் ஒரு மதிப்பீட்டாளர் போயிருந்தால் 'மேய்ச்சல் அழுத்தம் நீக்கப்பட்டது' என்று எழுதி முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். வெளியீடு என்ற கட்டத்தில் அது சரியானதும்கூட.

ஆனால் எருமை மேய்ந்துகொண்டிருந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் அதன்பின் தடையின்றி வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. நீந்தும் வாத்துக்கு இடமில்லை, மீன் குறைந்தது, மீனை நம்பிய பறவைகளுக்கு இரை குறைந்தது. 1980களில் அங்கே பத்தாண்டு ஆய்வு நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், மேய்ச்சல் தடை நீர்ப்பறவைகளுக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்ற முடிவுக்கு வந்தது. தடையை ஆதரித்தவர்களில் அந்தக் கழகத்தின் பறவையியலாளர் சாலிம் அலியும் ஒருவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு சுற்றுக் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். மக்களின் பங்கேற்பு என்று தனித் தலைப்பில் போடப்படும் குறியீடு, அங்கே நேரடியாகப் பறவைகளின் உயிர்நாடிக் குறியீடாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் ஏறியபோது கேவலாதேவின் பெருமைகளில் முதன்மையானது சைபீரியக் கொக்கு. அங்கே அது கடைசியாக வந்தது 2002ல். அதைப் பூங்கா நிர்வாகத்தின் தோல்வி என்று எழுதினால் அநியாயம். அந்தப் பறவை வலசை வரும் நீண்ட வழியெங்கும் வேட்டையாடப்பட்டது. எழுதாமல் விட்டாலும் பொய். நல்ல மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு சிறப்புக்கும் எதிரே அதன் இன்றைய நிலை, போக்கு, காரணம் பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா என்று மூன்று கட்டம் தனித்தனியாக இருக்கும்.

அதனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் மதிப்பெண் தாள் அல்ல. சிறப்புகளின் பட்டியல். இந்த இடம் எதற்காகக் காக்கப்படுகிறது என்று ஐந்து முதல் பத்து வரிகளில் எழுதுங்கள். பத்தைத் தாண்டினால் எதையும் உருப்படியாக அளக்க முடியாது. 'வளமான பல்லுயிர்' என்று எழுதினால் அளக்கவே முடியாது. 'கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காக இனங்கள்' என்று எழுதினால் எண்ணலாம். அடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோலும் ஓர் எச்சரிக்கைக் கோடும். கேவலாதேவில் முதல் அளவுகோல் பறவையே அல்ல, தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி தேவை என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதிலும் மொத்த அளவு மட்டும் போதாது, வந்து சேரும் காலமும் முக்கியம்: கூடு கட்டும் பறவைகளுக்கு மழைக்காலத்திலேயே நீர் நிற்க வேண்டும். டிசம்பரில் வரும் அதே தண்ணீர் வலசை வாத்துக்கு உதவும், கூட்டுக்கு உதவாது. அஜான் அணைக்கு நீர் தரும் கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை வந்தபின் இந்த நீர்வரத்தே கேள்விக்குறியாகி, பின்னர் சம்பல் ஆற்றிலிருந்தும் கோவர்தன் வடிகாலிலிருந்தும் குழாயில் கொண்டுவர நேர்ந்தது. எச்சரிக்கைக் கோடு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், எந்த ஆண்டு எந்த மாதம் மணி அடிக்க வேண்டும் என்பதில் விவாதமே இருக்காது.

இனி மதிப்பெண் போடும் கணக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தால் செய்தித்தாள் தலைப்புகள் வேறுமாதிரித் தெரியும்.

உலக வங்கியும் உலக வனவுயிர் நிதியமும் 2002ல் கொண்டுவந்த 'மெட்' என்ற மேலாண்மை மதிப்பீட்டு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2, 3 என்று நான்கு படிகள். இந்திய முறையிலும் நான்கு படிகள்தான். ஆனால் மதிப்பு வேறு: மோசம் 2.5, சுமார் 5, நன்று 7.5, மிக நன்று 10. அதாவது எல்லாக் குறியீட்டிலும் 'மோசம்' வாங்கிய காப்பகத்துக்குக்கூட 25 சதவீதம் கிடைத்துவிடும். பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அளவுகோலுக்கு மாற்ற, கிடைத்த சதவீதத்திலிருந்து 25ஐக் கழித்து 75ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 50 வாங்கியது உண்மையில் 33. 75 வாங்கியது 67. பெரியாறு போன்ற உச்சியில் உள்ளவற்றுக்கு இது பெரிய மாற்றமில்லை, 94 என்பது 92 ஆகும். ஆனால் பட்டியலின் அடியில் இருப்பவற்றின் நிலை, பார்க்கும் எண்ணைவிட நிறையவே மோசம். வெவ்வேறு நாட்டுக் காப்பகங்களை ஒரே அட்டவணையில் அடுக்குபவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் ஒப்பீடு செல்லாது.

இரண்டாவது சிக்கல் சராசரி. 30 குறியீடு என்று வைத்துக்கொள்வோம், எல்லாவற்றுக்கும் சம எடை. பத்தில் 'மிக நன்று', பதினாலில் 'நன்று', ஆறில் 'சுமார்'. கூட்டினால் 100, 105, 30. மொத்தம் 300க்கு 235, அதாவது 78 சதவீதம். 2018 வரையான வகைப்பாட்டில் 75ஐத் தொட்டாலே 'மிக நன்று'. இப்போது அந்த ஆறு 'சுமார்'களும் விளைவு பற்றிய குறியீடுகளிலேயே விழுந்திருந்தால்? வேலை எல்லாம் நடக்கிறது, ஆவணம் எல்லாம் கச்சிதம், விலங்கு மட்டும் குறைகிறது. அந்தக் காப்பகத்துக்கும் அதே 'மிக நன்று'. ஆகவே மொத்த எண்ணைப் பார்க்காமல் ஆறு கட்டங்களின் சராசரியைத் தனித்தனியே எழுதிப் பார்ப்பது நல்லது. உள்ளீடு குறைந்து விளைவு நன்றாக இருந்தால் காடு தன் வலுவில் நிற்கிறது, அல்லது ஊழியர்கள் சக்திக்கு மீறி உழைக்கிறார்கள். நீண்ட நாள் தாங்காது. உள்ளீடும் செயல்முறையும் நன்றாக இருந்து விளைவு சரிந்தால் இரண்டு சந்தேகம்: அச்சுறுத்தல் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது, இல்லையென்றால் கேவலாதேவில் நடந்ததுபோல் தவறான வேலையைத் திறமையாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது, குறியீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பெரியாற்றில் 1990களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், வயணப் பட்டையை (காட்டு இலவங்கப் பட்டை) திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்தவர்களையே வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் மாற்றினார்கள். அந்த ஒரே ஏற்பாடு ஆள்பலம், மக்கள் பங்கேற்பு, வேட்டைத் தடுப்பு என்று பல இடத்தில் மதிப்பெண் தரும். தகுதியான மதிப்பெண்தான். ஆனால் அது குலைந்தாலும் அத்தனை இடத்திலும் ஒன்றாகச் சரியும்.

களத்தில் சரிபார்ப்பது எப்படி? வழக்கமாக முதலில் காப்பகமே தனக்குத்தானே மதிப்பெண் போட்டுத் தாளை நிரப்பும். பிறகு ஓய்வுபெற்ற மூத்த வன அதிகாரி தலைமையில் வெளிக்குழு சில நாள் வந்து பார்க்கும். சுயமதிப்பெண்ணில் மிகை இருப்பது இயல்பு. மருந்து ஒன்றே ஒன்று, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் 'சான்று' என்ற கட்டம். அது காலியாக இருந்தால் ஒரு படி இறக்கிவிட வேண்டும். இந்த விதியை முதல் நாளே அறிவித்துவிட்டால் இரண்டாம் நாள் கோப்புகள் தானாக வந்து சேரும்.

பணம் பற்றிய கட்டத்தில் 'ஒதுக்கீட்டில் 98 சதவீதம் செலவானது' என்று இருக்கும். அதோடு நிற்காதீர்கள். பணம் வந்த தேதியைக் கேளுங்கள். தென்னிந்திய இலையுதிர் காடுகளில் தீத்தடுப்புக் கோடுகளை டிசம்பர், ஜனவரியில் வெட்டிச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும்; பிப்ரவரியிலிருந்து தீக்காலம். தவணை மார்ச்சில் வந்தால் நிதியாண்டு முடிவதற்குள் எல்லாம் செலவாகிவிடும், கணக்கில் நூறு சதவீதச் சாதனை. காடு அதற்குள் எரிந்திருக்கும். ஊழியர் கட்டத்திலும் இப்படியே. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்பதோடு, நிரம்பியவர்களில் உண்மையில் காட்டில் இருப்பவர் எத்தனை, அலுவலகத்துக்கும் வாகனத்துக்கும் விருந்தினர் மாளிகைக்கும் இழுக்கப்பட்டவர் எத்தனை என்று பிரிக்க வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் நிரந்தரமில்லாதவர்கள். கடைசி மூன்று மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்ற ஒரு கேள்வி, 'ஊழியர் மன உறுதி' பற்றிய பத்திகளைவிட அதிகம் சொல்லும்.

அந்தக் காவலரிடம் பேசும்போது வனச்சரகர் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் 'எல்லாம் போதும் சார்' என்பதுதான் பதில். 'வசதி போதுமா' என்று கேட்பதும் வீண். வயர்லெஸ் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, முகாமுக்கு அரிசி கடைசியாக எப்போது வந்தது, பாம்பு கடித்தால் எந்த மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்வீர்கள் என்று கேளுங்கள். முகாம்களைத் தேர்ந்தெடுப்பதும் குழுவே செய்ய வேண்டும். வரைபடத்தில் சீட்டுக் குலுக்கி, சுற்றுலாப் பாதையில் இல்லாத இரண்டையாவது பார்த்தே ஆக வேண்டும். கூட்டிப் போகும் இடத்தை மட்டும் பார்த்து வந்தால் புதிதாகப் பெயின்ட் அடித்த முகாம்தான் கண்ணில் படும்.

ரோந்துக் கணக்கு தனி ஏமாற்று. மாதம் இத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள் என்ற எண் பெரிதாக இருக்கும். ஆனால் முகாமிலிருந்து ஓடைவரை ஒரே தடத்தில் தினமும் நடந்தாலும் கிலோமீட்டர் ஏறும். காப்பகத்தை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, மூன்று மாதத்தில் ஒருமுறையாவது கால் பட்ட கட்டங்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ரோந்தைப் பதிவு செய்யும் எம்-ஸ்டிரைப்ஸ் செயலியில் பதிவாகும் தடங்களை வைத்தே இதைச் செய்துவிடலாம். கண்ணிகள் பற்றிய எண்ணையும் தனியாகப் படிக்கக் கூடாது. போன ஆண்டு 20 கண்ணி, இந்த ஆண்டு 40 என்றால் வேட்டை இரட்டிப்பானதாகவும் இருக்கலாம், தேடியது இரட்டிப்பானதாகவும் இருக்கலாம். நூறு கிலோமீட்டர் நடைக்கு எத்தனை கண்ணி என்று மாற்றினால்தான் போக்கு தெரியும்.

களைச்செடி அகற்றம் எல்லா அறிக்கையிலும் ஹெக்டேரில் வரும். உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் அடுத்த மழையில் முன்னைவிட அடர்ந்து துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டரில் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட்டு, பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும் கன்றுகளை அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மழைக்குப் பின் பிடுங்கியாக வேண்டும். ஆகவே 'இந்த ஆண்டு எத்தனை ஹெக்டேர்' என்பது தவறான கேள்வி. மூன்றாண்டுக்கு முன் சுத்தம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அங்கே புல் இருக்கிறதா, உண்ணிச்செடி இருக்கிறதா, மான் புழுக்கை இருக்கிறதா: பார்த்த கணத்தில் தெரியும்.

விலங்கு எண்ணிக்கையை எவ்வளவு சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் நிரந்தரப் பாடம். காலடித் தடங்களை வைத்து எடுத்த கணக்கில் 2004ல் அங்கே 16 முதல் 18 புலிகள் இருப்பதாகக் காட்டப்பட்டது. 2005 தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று உறுதியானது. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் புலிப் பணிக்குழுவும், 2006ல் சட்டத் திருத்தம் வழியாகப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும், தானியங்கிக் கேமரா வழிக் கணக்கெடுப்பும், இந்த மதிப்பீட்டு முறையும் வந்தன. எண்ணைத் தருபவரும் அந்த எண்ணால் பாராட்டுப் பெறுபவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில், அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்காமல் விளைவுக் கட்டத்தை நிரப்பக் கூடாது. புலி மட்டும் கூடினால் போதும் என்பதும் சரியல்ல. இரை விலங்கு, நீர், களைச்செடி ஆகியவை சரிந்துகொண்டிருக்க, பக்கத்துக் காட்டிலிருந்து வந்த புலிகளால் எண்ணிக்கை சில காலம் ஏறி நிற்கலாம்.

கிராமங்களுக்கும் கட்டாயம் போக வேண்டும், வனத்துறை வாகனத்தில் அல்லாமல். மாடு அடிபட்டால் இழப்பீடு எத்தனை மாதத்தில் வருகிறது என்று ஐந்தாறு வீடுகளில் கேட்டால் அலுவலகப் பதிவேட்டின் தரமும் சேர்ந்து தெரிந்துவிடும்.

சுற்றுக்குச் சுற்று ஒப்பிடும்போது இன்னொரு கவனம். 2018ல் 50 காப்பகங்களில் 21 மிக நன்று, 17 நன்று, 12 சுமார். 2022ல் 51ல் 12 மிகச் சிறப்பு, 21 மிக நன்று, 13 நன்று, 5 சுமார். முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இடையில் ஒரு புதிய வகை சேர்ந்திருக்கிறது. குறியீடுகளும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மாறுகின்றன, குழுக்களும் மாறுகின்றன. கேள்வி மாறாத குறியீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டால்தான் காப்பகம் மாறியதா, தாள் மாறியதா என்று பிரிக்க முடியும். மூன்று நான்கு சதவீத ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் தேடுவது வீண் வேலை.

உலக மரபுத் தலங்களுக்கு இதன்மேல் வேறு அடுக்குகள் உண்டு: ஆறாண்டுக்கு ஒருமுறை நாடுகள் தரும் அறிக்கை, தேவைப்பட்டால் ஆய்வுக்குழு வருகை, கடைசியாக அபாயப் பட்டியல். அசாமின் மானஸ் 1992 முதல் 2011 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. கிளர்ச்சிக் காலத்தில் முகாம்கள் அழிந்து, காண்டாமிருகங்கள் துடைத்தெடுக்கப்பட்டன. மேலே சொன்ன ஆறு கட்டங்களில் ஐந்து ஒரே நேரத்தில் உடைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே உதாரணம்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காப்பகத்தின் அறிக்கை கிடைத்தால் சதவீதம் இருக்கும் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். வலிமை, பலவீனம், உடனடியாகச் செய்ய வேண்டியவை என்று ஒரு பகுதி இருக்கும். அதையும் முந்தைய சுற்றின் அதே பகுதியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்' என்ற அதே வரி இரண்டிலும் இருந்தால், அதை நிரப்ப வேண்டிய அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கள இயக்குநரிடம் இருக்காது, தலைமைச் செயலகத்தில் இருக்கும். மதிப்பெண் மட்டும் இயக்குநர் பெயரில் குறையும்.